துண்டு விழுகிறது, படிப்பு விழலாமா?

கூட்டம் முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2025 நவம்பர் மாதத்து இரவு. ஈரோட்டுக்கு அருகே, விசைத்தறி ஓசை ஓயாத ஓர் ஊர். நாற்பத்தைந்து வயதுத் தோழர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்தார். தோளிலே துண்டு. சட்டைப் பையிலே நான்காக மடித்த ஒரு தாள்.

"ஏனுங்க தோழர், பையன் படிப்பை ஒரு வருசம் நிறுத்தி வெச்சுப் பார்க்கலாமுங்களா?" என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தோம். டில்லியிலே நிதியமைச்சர் போடும் வரவு செலவுத் திட்டத்தை ஆண்டுதோறும் நாம் அலசுகிறோம். இது அடுப்பங்கரை நிதியமைச்சர், அந்தத் தோழரின் துணைவியார், பென்சிலால் போட்ட வரவு செலவுத் திட்டம். இதையும் அலசுவோம்.

வரவு: தறிக்கூலி 14,000 ரூபாய். துணைவியாரின் தையல் வருமானம் 3,500. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போன மகனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000. ஆக 18,500.

செலவு: வாடகை 4,000. மளிகை, காய்கறி, பால் 5,500. எரிவாயு, மின்சாரம், கைபேசி 1,500. மகனின் விடுதிச் சாப்பாடு 3,500. அவனுடைய பேருந்து, நோட்டு, நகல் செலவு 1,200. பள்ளியில் படிக்கும் மகளுக்கு 600. பாட்டிக்கு மருந்து 700. வட்டி 2,000. ஆக 19,000.

துண்டு 500! தோளிலே கிடப்பது ஒரு துண்டு, கணக்கிலே விழுவது இன்னொரு துண்டு.

இந்த 500 ரூபாயை எங்கே சரிக்கட்டுகிறீர்கள் என்று கேட்டோம். தோழர் பதில் சொல்லவில்லை, தலை குனிந்தார். பாலிலே ஒரு பங்கு குறைந்திருக்கும். அது மகளுடைய பங்கு. இரவுச் சோற்றிலே ஒரு பிடி குறைந்திருக்கும். அது தாயுடைய பிடி. அந்தக் குறைவுக்குத் தாளிலே இடம் கிடையாது!

"சிக்கனமாக இருங்கள்" என்று சீமான்கள் செப்புவார்கள். எதிலே சிக்கனம்? ரேசன் அரிசி உண்பவன் எந்த விருந்தை நிறுத்துவது? வாடகையைக் குறைக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? பாட்டியின் மருந்தைப் பாதியாக்கலாமா? உள்ளவன் சிக்கனம் செய்தால் சேமிப்பு. இல்லாதவன் சிக்கனம் செய்தால் பட்டினி!

இன்னொரு குரலும் கேட்கிறது, பக்கத்து வீட்டுக் குரல். "பையனைத் தறிக்கு அனுப்பு, மாதம் 12,000 வருமே." படிக்கும் பிள்ளையால் ஏழை வீட்டுக்கு நேரும் செலவு இரண்டு. ஒன்று அவனுக்காகக் கொடுப்பது. மற்றொன்று அவன் சம்பாதிக்காமல் இருப்பது. பணக்கார வீட்டுக்கு இரண்டாவது செலவு கண்ணில் படாது. பாட்டாளி வீட்டிலோ அதுதான் நள்ளிரவிலே கணவனையும் மனைவியையும் தூங்கவிடாமல் செய்வது.

ஆனால் தாளை மறுபடியும் படியுங்கள், தோழர்களே! குடும்பத்தைக் கவிழ்ப்பது விடுதிச் சோறா? நோட்டுப் புத்தகமா? இல்லை. கடைசி வரியிலே பதுங்கிக்கொண்டிருக்கும் அந்த 2,000 ரூபாய் வட்டி!

கல்லூரியிலே சேர்க்க, விடுதிக்கு முன்பணம் கட்ட, ஒரே வாரத்தில் 40,000 ரூபாய் வேண்டியிருந்தது. தறிக்கூலி வாரக் கூலி. கல்லூரி கேட்டதோ மொத்தத் தொகை. ஓடினார் வட்டிக்காரரிடம். நூற்றுக்கு மாதம் 5. ஆண்டுக் கணக்கிலே 60! 2003 இலேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலே, வட்டி வீட்டிலே! அசலில் ஒரு காசு குறையாமல் மாதந்தோறும் 2,000 போய்க்கொண்டிருக்கிறது.

இதே 40,000 ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியில், துணைவியார் உறுப்பினராக உள்ள மகளிர் சுய உதவிக் குழு வழியாகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 400. துண்டு 500 மறைந்து மிச்சம் 1,100 வரும். அந்த 1,100 அசலைக் கரைக்கும். மகனின் படிப்பு நிற்கவேண்டியதில்லை. மகளின் பாலும் குறையவேண்டியதில்லை.

வரலாற்றை நினைவூட்டுவது நம் கடமை. 1953 இல் ஆச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயரிட்டு நாடு கொதித்தெழுந்தது. 1954 இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் குழியில் விழுந்தது. அன்று நெசவாளி மகனைப் பார்த்துத் தறிக்குப் போ என்றது அரசின் ஆணை. இன்று அதையே சொல்வது வட்டிக்காரன் நோட்டு! ஆணையை எதிர்த்தவர்கள் வட்டிக்குத் தலை வணங்கலாமா?

தமிழகம் ஏறிவந்த படிகள் சிறியவையல்ல. 2021-22 ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கெடுப்பே சொல்கிறது: உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்தியா முழுதுக்கும் 28.4, தமிழகத்தில் 47. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010 இல் வந்தது. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 இல், தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டு 9 இல் தொடங்கின. அந்த 1,000 ரூபாயை இலவசம் என்று இகழ்வோர் இந்தத் தாளைப் பார்க்கட்டும். அது இல்லாவிட்டால் துண்டு 500 அல்ல, 1,500!

டில்லி என்ன செய்கிறது? படிப்புக் காலத்துக் கல்விக் கடன் வட்டிக்கு 2009 முதல் மானியம் தருகிறார்கள். யாருக்கு? குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். படிப்போ தொழிற்படிப்பாக, தொழில்நுட்பப் படிப்பாக இருக்கவேண்டும். 2024 நவம்பரில் இன்னொரு திட்டம் வகுத்தார்கள். அது தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் படிப்போருக்கு. பக்கத்து ஊர்க் கல்லூரியிலே வேதியியல் படிக்கும் தறித் தொழிலாளி மகனுக்கு வட்டி இனிக்குமா? மாணவன் எழுதும் நோட்டுக்கு 12 விழுக்காடு வரி வாங்கியவர்கள், 2025 செப்டம்பர் 22 இல்தான் அதை எடுத்தார்கள்.

நாம் கேட்பது சலுகையல்ல, நியாயம். கட்டணத்தை மாதத் தவணையாகப் பெறட்டும். உதவித்தொகை கல்லூரி திறக்கும்போதே கைக்கு வரட்டும். பசித்தபின் வரும் சோறு பசியாற்றலாம். படிப்பு நின்றபின் வரும் உதவித்தொகை யாரைப் படிக்கவைக்கும்? வட்டி மானியம் எல்லாப் பட்டப்படிப்புக்கும் கிடைக்கட்டும்.

கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? நமக்கும் வேலை இருக்கிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைச் சேர்க்கைக்கு முன்பே எடுத்துக்கொடுக்க ஒவ்வொரு கிளையிலும் இரண்டு தோழர்கள் போதாதா? 4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது என்பதையும், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும் என்பதையும் எத்தனை பெற்றோர் அறிவார்கள்? வங்கிக்குத் தனியே போனால் "பிறகு வா" என்பார்கள். எழுத்தறிந்த தோழர் உடன் போகட்டும். மறுத்தால், மறுப்பை எழுத்திலே கேட்கட்டும்.

நம் வீட்டையும் கூட்டிப் பெருக்குவோம். காதுகுத்துக்கும் சடங்குக்கும் கடன் வாங்கும் கை, கல்லூரிக் கட்டணத்துக்கு நடுங்குவதேன்? தலைவர் வருகைக்கு நாம் வைக்கும் விளம்பரப் பலகைகள் மறுநாள் குப்பையிலே கிடக்கின்றன. அவற்றில் பாதியைக் குறைத்து, கிளைதோறும் கட்டண முன்பண நிதி ஒன்று திரட்டினால், வட்டியில்லாமல் கொடுத்து மாதந்தோறும் திரும்பப் பெற்றால், ஜூன் மாதத்திலே எந்தத் தோழரும் வட்டிக்காரன் வாசலில் நிற்கமாட்டார். தலைவருக்கு அதைவிடப் பெரிய வரவேற்பு உண்டா?

அன்றிரவு தோழருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "நிறுத்தாதீர்கள். ஓராண்டு என்று தறிக்குப் போனவன் கையிலே கூலி புரண்டபின் வகுப்புக்குத் திரும்புவது அரிது. விடுமுறையிலே வேலைக்குப் போகட்டும், தேர்வு நாளிலே போகவேண்டாம். மீதி மூன்று பருவம். முதலில் வட்டியை நிறுத்துவோம். கிளைச் செயலாளர் நாளைக் காலை உங்கள் வீட்டுக்கு வருவார்."

தாளை மடித்துப் பையிலே வைத்தார். "அப்போ பையன்கிட்டே எதுவும் சொல்ல வேண்டாமுங்க" என்றார்.

சொல்ல வேண்டாம். அவன் படிக்கட்டும். கணக்கை நாம் பார்ப்போம்.