யானை வாங்கலாம்; தீனி போட முடியுமா?

உங்கள் கையில் 18 லட்ச ரூபாய் இருக்கிறது. குடும்பத்துக்குப் பெரிய கார் ஒன்று வாங்க வேண்டும். தரையை விட்டு உயர்ந்து, மிடுக்காக நிற்குமே, 'எஸ்.யு.வி.' என்கிறார்களே, அந்த மாதிரி கார்.

உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ஊரில் பலரும் ஓட்டுகிற ஹூண்டாய் கிரெட்டா போன்ற புதுக் கார்.

மற்றொன்று, ஆறேழு வருஷம் ஓடிய பி.எம்.டபிள்யூ. எக்ஸ்-1 போன்ற சொகுசுக் கார். புதிதில் 40 லட்சத்தை ஒட்டி விற்றது. இப்பொழுது பாதி விலைக்குக் கிடைக்கிறது.

இரண்டுமே நம் சென்னைக்குப் பக்கத்தில் தயாராகின்றவைதாம். கிரெட்டா, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் தொழிற்சாலை, செங்கற்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ம் ஆண்டு முதல் நடக்கிறது. பிறந்த இடம் பக்கம் பக்கந்தான். ஆனால், வளர்க்கும் செலவு?

அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஆசை தவறா?

சொகுசுக் காருக்கு ஆசைப்படுவது தவறு அல்ல. அந்தக் காரில் ஒரு முறை உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கதவைச் சாத்தினால், வெளிச் சத்தம் அடங்கிவிடும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போனாலும் ஆட்டம் இராது. பிரேக்கை மிதித்தால், சொன்ன சொல் கேட்கும்.

இவ்வளவும் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், யாருக்குத்தான் மனம் அலையாது?

ஆனால், விலை ஏன் பாதியாயிற்று என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா?

எந்தக் காரும் வயதானால் விலை இறங்கும். இன்சூரன்ஸ் கணக்கைப் பாருங்கள். ஓராண்டு தாண்டிய காருக்கு 20 சதவீதம் மதிப்பைக் குறைக்கிறார்கள். நாலு ஆண்டு தாண்டினால் 50 சதவீதம் குறைக்கிறார்கள். சொகுசுக் காருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வைத்துக் காப்பாற்ற ஆகும் செலவு, வாங்க வருகிறவர்களுக்குத் தெரியும். அதனால்தான் வாங்க ஆள் குறைவு. ஆள் குறைந்தால், விலையும் குறையும்.

விலை குறைந்தது, செலவு குறையவில்லை!

முக்கியமான விஷயம் இதுதான்.

நீங்கள் 18 லட்சம் கொடுத்தீர்கள். அதனால் அது 18 லட்ச ரூபாய்க் கார் ஆகிவிடுமா? ஆகாது. அது 40 லட்ச ரூபாய்க் கார்தான். அதன் டயர், 40 லட்ச ரூபாய்க் காரின் டயர். அதன் பிரேக், 40 லட்ச ரூபாய்க் காரின் பிரேக். முன் விளக்கு உடைந்தால், கடைக்காரர், "நீங்கள் பழைய காராகத்தானே வாங்கினீர்கள்? பாதி விலை கொடுங்கள்" என்று சொல்ல மாட்டார்.

மேலும், ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. வயசுக் கணக்கும் உண்டு. கார் குறைவாக ஓடியிருந்தாலும், ஏழெட்டு வருஷத்தில் ரப்பர் புஷ், எண்ணெய் சீல், தண்ணீர்க் குழாய் எல்லாம் இற்றுப் போகும். ஒவ்வொன்றாகக் கைநீட்டத் தொடங்கும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண பாலிசியில், விபத்தில் போன பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதிப் பணந்தான் கொடுப்பார்கள். கியர் பெட்டி தானாகப் பழுதானால், அதற்குப் பாதி கூடக் கிடையாது. அது விபத்து அல்ல அல்லவா?

ஒரு வியாபாரியின் கதை

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் தென்காசிப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஏழு வருஷப் பழைய சொகுசுக் கார் ஒன்றை 16 லட்சத்துக்கு வாங்கினார்.

முதல் வருஷம் ஒரே பெருமை! கார் தெருவில் நுழைந்தால் பையன்கள் கூடிவிடுவார்கள். கோயில் வாசலில் நிறுத்தினால், தெரியாதவர்கள் கூட வணக்கம் சொன்னார்கள்.

இரண்டாவது வருஷம் ஐப்பசி மழையில், கியர் விழாமல் நடுவழியில் நின்றுவிட்டது. ஊரில் உள்ள மெக்கானிக்குகள் தொடவே பயந்தார்கள். லாரியில் ஏற்றி, மதுரைக்குக் கொண்டு போனார்கள். சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். நாற்பது நாள் ஆயிற்று. பில் 3 லட்சத்து 40 ஆயிரம்!

அந்த மாதந்தான் மகளுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டும்.

அவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள், மனைவி தன் வளையல்களைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"என்னங்க, முதலில் பிள்ளை படிப்பைப் பாருங்கள். கார் அங்கேயே கிடக்கட்டும்" என்றார்.

"ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டார் இவர்.

"ஊரா பணம் கட்டப் போகிறது?" என்றார் அந்த அம்மாள்.

வளையல் அடகுக்குப் போயிற்று. மகள் காலேஜுக்குப் போனாள். அந்த நாற்பது நாளில் வந்த தம்பி கல்யாணத்துக்குக் குடும்பமே பஸ்சில் போய் வந்தது. பிறகு கார் வந்தது. வந்த வேகத்திலேயே, 9 லட்சத்துக்கு விற்றுவிட்டார்.

இப்பொழுது அவர் வீட்டு வாசலில் சாதாரணக் கார் ஒன்று நிற்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

புதுக் காரிலும் குறை உண்டு

நியாயமாகப் பேச வேண்டும். புதுக் கார் என்றால் எல்லாம் லாபம் என்று நான் சொல்லவில்லை.

ஷோரூம் விலையோடு செலவு நிற்பதில்லை. தமிழ்நாட்டில், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு 18 சதவீதம் சாலை வரி கட்ட வேண்டும். நம் மாநிலத்திலேயே பதிவான பழைய காருக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் சொந்தக்காரர் கட்டிவிட்டார். புதுக் கார் கடையை விட்டு வெளியே வந்தவுடனே மதிப்பு இறங்குவதும் உண்மை.

ஆனால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி மாறியிருக்கிறது. பெரிய கார்களுக்கு வரி 40 சதவீதமாகக் குறைந்தது. 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட, சிறிய என்ஜின் கொண்ட கார்களுக்கு 18 சதவீதந்தான். ஆகவே, புதுக் கார் முன்னைவிடக் கைக்கு எட்டுகிறது.

புதுக் காருக்கு மூன்று வருஷமாவது கம்பெனி உத்தரவாதம் இருக்கிறது. தாலுகா ஊர்களில் கூட ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு. பாதுகாப்பும் முன்போல் பணக்காரர் சொத்து அல்ல. 2024-ல் வந்த கிரெட்டாவில், விலை குறைந்த காருக்குக் கூட ஆறு ஏர்பேக் வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட, மாதத் தவணை இவ்வளவு என்று தெரியும். செலவு தெரிந்தால், குடும்பம் நடத்தலாம். திடீரென்று வரும் பில்தான் குடும்பத்தைக் கவிழ்க்கும்.

யாருக்குப் பழைய சொகுசுக் கார்?

சிலருக்கு அது பொருந்தும். வீட்டில் வேறொரு கார் இருக்க வேண்டும். கம்பெனி ஒர்க்‌ஷாப் உள்ள நகரத்தில் குடியிருக்க வேண்டும். காரின் விலை போக, மூன்று நாலு லட்சமாவது ரிப்பேருக்கென்று தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். கடன் வாங்கி வாங்கக் கூடாது. இந்த நாலும் இருந்தால், தாராளமாக வாங்குங்கள். ஆனந்தமாக ஓட்டுங்கள்.

அப்படி வாங்கினாலும், கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

சர்வீஸ் செய்த கணக்கு முழுவதையும் கேளுங்கள். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் காட்டிச் சோதியுங்கள். ஆர்.சி.யில் கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை தெரிந்தால், விலகி விடுங்கள். காலடி விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள்.

டெல்லிக் கார் மலிவு என்பார்கள். அங்கே டீசல் கார்களுக்கு 10 ஆண்டு என்று வரம்பு வந்ததால், பல கார்கள் தெற்கே வந்தன. ஆனால், அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபடி பதிவு செய்து, வரியும் கட்ட வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்தால்தான் மலிவா என்று தெரியும்.

பெயர் மாற்றும்போது, இன்சூரன்ஸை மறக்க வேண்டாம். 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும்.

முடிவாக...

ஒரே வருமானம், ஒரே கார், படிக்கிற பிள்ளைகள். இதுதான் உங்கள் வீடு என்றால், என் அபிப்பிராயம் ஒன்றே: புதுக் காரை வாங்குங்கள். அதுவும் கைக்கு மிஞ்சினால், இரண்டு மூன்று வருஷமே ஓடிய சாதாரணக் காரைப் பாருங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

யானையை வாங்குவதற்கு ஒரு நாள் பணம் இருந்தால் போதும். கட்டித் தீனி போடத் தினமும் பணம் வேண்டும்!

இன்று இரவு சாப்பாடு ஆனதும், கணவனும் மனைவியும் ஒரு காகிதத்தை எடுத்து உட்காருங்கள். வாங்கும் விலையை ஒரு பக்கம் எழுதுங்கள். மூன்று வருஷச் செலவை மறுபக்கம் எழுதுங்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவை மேலே எழுதுங்கள்.

அதற்குப் பிறகு கார் பார்க்கப் போங்கள்!