காசிருந்தும் கடனாளி

கோவையிலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலையில், காங்கயத்தைத் தாண்டியதும் வரும் ஊர் எங்கள் வெள்ளகோவில். முருங்கைக்காயும் விசைத்தறியும் எங்கள் ஊரின் இரு கண்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முருங்கைக்காய் மூட்டைகள் வந்து குவியும். மற்ற நாள்களில் தறிச் சத்தம் காதைத் துளைக்கும். இவ்வூருக்கு வெளிநாட்டார் வருவார்களா என்று கேட்கும் நண்பர்கள் எங்கள் கல்லூரியிலேயே உண்டு. வருகிறார்கள், நண்பர்களே! சுற்றிப் பார்க்க அல்ல, வேலை செய்ய. திருப்பூருக்குச் சரக்கு வாங்க வருபவர், தரம் பார்க்க வருபவர், எந்திரம் பூட்ட வருபவர் எனப் பலர். அப்படி வந்த ஒருவரைப் பற்றியும், அவரால் எனக்குள் எழுந்த எண்ணத்தைப் பற்றியும் இங்கே எழுத விழைகின்றேன்.

சென்ற ஆண்டு, என் தந்தையார் வேலை பார்க்கும் ஆலையில் புதிய ரேப்பியர் தறிகளை நிறுவி ஓட்டிக் காட்டுவதற்காக இத்தாலியிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மாலை ஐந்து மணிக்கு ஆலையை விட்டு நடந்து வந்து, சாலையோரத்தில் இருக்கும் பேக்கரியில் தேநீர் குடிப்பது அவர் வழக்கம். நானும் கல்லூரிப் பேருந்தை விட்டு இறங்கியதும் அங்கேதான் நிற்பேன்.

மூன்றாம் நாள் மாலை அவர் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். கடைக்கார அண்ணன் கையை விரித்தார்.

“சில்ற இல்லீங்ளே! இருக்கட்டும், நாளைக்குக் குடுங்க.”

முதல் நாளும் இதேதான் நடந்ததாம்; இரண்டாம் நாளும் இதேதான். ஆறு தேநீர், இரண்டு தேங்காய் பன். தொண்ணூறும் ஐம்பதும் நூற்று நாற்பது ரூபாய். அண்ணன் நல்ல மனிதர். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஆனால் அந்த இத்தாலியர் தம் சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்பேடு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் தேதிவாரியாகத் தேநீர்க் கணக்கு எழுதியிருந்தது! அவரைச் சுற்றி நின்றவர்களோ அலைபேசியைத் தூக்கி அட்டையைக் காட்டி, “பதினைந்து ரூபாய் பெறப்பட்டது” என்று பெட்டி கூவியதும் நடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கையிலும் அலைபேசி இருந்தது. என் அலைபேசியைப் போலப் பத்து மடங்கு விலை இருக்கும். அதற்கு அந்தக் கடையில் மதிப்பில்லை.

நான் முந்திக்கொண்டேன். என் அலைபேசியால் நூற்று நாற்பது ரூபாயைச் செலுத்திவிட்டேன். அவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை என்னிடம் நீட்டினார். வாங்க மறுத்துவிட்டேன். “விருந்தாளி” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது. வந்தாரை வாழ வைக்கும் தமிழகம் என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்தவனல்லவா நான்!

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆலை உணவகத்தில் கிடைக்கும் ஆறிய தேநீரையே குடித்துக்கொள்கிறார் என்று அப்பா சொன்னார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டது தருமம் அல்ல. தம் தேநீருக்குத் தாமே பணம் தர ஒரு வழி. அதை யாரும் தரவில்லை, நானும் தரவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? வணிகவியல் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று ஆராய்ந்து பார்த்தேன்.

2016-ஆம் ஆண்டு வந்த யு.பி.ஐ. முறை நம் நாட்டின் சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. கீரை விற்கும் பாட்டியும் அட்டை வைத்திருக்கும் காலம் இது. ஆனால் அதன் அடித்தளத்தை நோக்குங்கள். இந்திய வங்கியில் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் பதிந்த எண்ணின் சிம் அதே அலைபேசியில் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போய் “நான்தான் அவன்” என்று சான்று சொல்ல வேண்டும். பின்னர் வங்கி அட்டையைக் கொண்டோ ஆதாரைக் கொண்டோ இரகசிய எண் அமைக்க வேண்டும். நமக்கு இவை யாவும் ஏற்கெனவே இருப்பதால், இது ஐந்து நிமிட வேலை. இத்தாலியருக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. அவரிடம் இருப்பது பணம் மட்டும்தான்!

கரூரிலும், கோவையை அடுத்த வெள்ளலூரிலும் உரோமானிய வெள்ளி நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. அவ்விரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த நாணயம் யார் கையிலிருந்து வந்தாலும் வெள்ளியின் எடை பேசியது. அதைத் தந்தவன் இன்ன ஊர்க்காரன், இன்னார் மகன் என்று அது விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று அதே இத்தாலி நாட்டிலிருந்து வந்தவரிடம் நம் கடை அட்டை, “நீ யார், உன் வங்கி எது, உன் எண் எது?” என்று கேட்டுவிட்டுத்தான் தேநீரைப் பற்றிப் பேசுகிறது. பழங்காலமே பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. வெள்ளியை இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுவழி போனவன் கள்வனுக்கு அஞ்சியே போயிருப்பான். ஆயினும் இந்த வேறுபாடு எண்ணத் தக்கது.

அரசு இதை எண்ணவில்லை என்றும் கூற முடியாது. ஜி-20 நாடுகளின் தலைமையை நாம் ஏற்றிருந்த 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில், வெளிநாட்டுப் பயணிகளுக்கும் யு.பி.ஐ. வசதியை ரிசர்வ் வங்கி திறந்துவிட்டது. கடவுச்சீட்டையும் விசாவையும் சரிபார்த்து, ஒரு பணப்பையை அவர்தம் அலைபேசியில் அமைத்துத் தருவார்கள். அயல்நாட்டுப் பணத்தைக் கொடுத்து அதில் ரூபாயை நிரப்பிக்கொள்ளலாம். ஊர் திரும்பும்போது மிச்சத்தைத் தம் நாட்டுப் பணமாகவே திரும்பப் பெறலாம். இந்திய வங்கிக் கணக்கே வேண்டியதில்லை. முதலில் பெங்களூரு, மும்பை, புது தில்லி விமான நிலையங்களில் ஜி-20 நாட்டினருக்கு மட்டும் தொடங்கி, 2024 ஜூலையில் எல்லா நாட்டுப் பயணிகளுக்கும் என விரித்தார்கள். “யு.பி.ஐ. ஒன் வேர்ல்டு” என்பது அதன் பெயர். ஒரே உலகமாம்! பெயர் அழகாகத்தான் இருக்கின்றது.

இதைப் பற்றி அந்த இத்தாலியருக்குத் தெரியாது. அவரை அழைத்த ஆலையின் அலுவலகத்துக்கும் தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பணப்பையிலிருந்து வணிகர்களுக்கு மட்டுமே பணம் செலுத்த முடியும். தனி மனிதருக்கு அனுப்ப முடியாது. நம் ஊர்ச் சிறு கடைகள் பலவற்றில் தொங்குவது வணிகருக்கான அட்டை அல்ல. கடைக்காரரின் மகனோ மைத்துனனோ தம் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்த அட்டை. நமக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. அயலாருக்கு அங்கேயே கதவு சாத்தப்பட்டுவிடும்.

இதன் மறுபக்கத்தை என் மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் திருப்பூரில் ஆயத்த ஆடைகளுக்கான பொத்தான், ஜிப் வணிகம் செய்பவர். 2019-ஆம் ஆண்டு, சீனத்தின் குவாங்சௌ நகரில் 1957 முதல் நடந்துவரும் கான்டன் கண்காட்சிக்குப் போயிருந்தார். பகலெல்லாம் ஆயிரக்கணக்கான ஜிப்புகளுக்கு விலை பேசிவிட்டு, மாலையில் தெருவோரத்தில் நாலு ஆரஞ்சுப் பழம் வாங்க முடியாமல் நின்றாராம். கையில் நூறு யுவான் தாள். பழக்காரி தலையை ஆட்டிவிட்டு, தட்டியில் ஒட்டியிருந்த கட்டத்தைக் காட்டினாளாம். அலிபே, வீசாட் இரண்டும் அங்கே யு.பி.ஐ.யைப் போல, அன்று அவை சீன வங்கிக் கணக்கைக் கேட்டன.

“பசி கூடப் பெருசில்லடா மாப்ள. நம்மகிட்டக் காசில்லைன்னு அந்தப் புள்ள நெனச்சிருச்சோன்னுதான் ஒரு மாதிரி ஆயிப் போச்சு” என்றார் மாமா. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பையன் தன் அலைபேசியில் பணம் செலுத்திவிட்டு, மாமாவிடம் அதற்கீடான தாள்களை எண்ணி வாங்கிக்கொண்டானாம். அவன் வாங்கிக்கொண்டதுதான் மாமாவுக்கு நிம்மதி. அதை நான் வாங்க மறுத்தவன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சீன மத்திய வங்கி 2018-லும் 2020-லும் அறிவித்தது. அறிவிப்பால் மட்டும் பழக்கடையில் சில்லறை வந்துவிடுமா? பிறகு 2023 ஜூலையில் அலிபேயும் வீசாட்டும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற அயல்நாட்டு அட்டைகளைப் பரவலாக ஏற்கத் தொடங்கின. 2024 மார்ச்சில் ஒரு முறை செலுத்தும் தொகையின் வரம்பு 1,000 டாலரிலிருந்து 5,000 டாலராகவும், ஓர் ஆண்டின் வரம்பு 10,000-இலிருந்து 50,000 டாலராகவும் உயர்ந்தது. 200 யுவானுக்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணமில்லை. மேற்பட்டால் நூற்றுக்கு மூன்று.

அந்த ஆண்டு இலையுதிர்காலக் கண்காட்சிக்கு மாமா மறுபடியும் கிளம்பியபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான்தான் எல்லாம் அமைத்துக் கொடுத்தேன். செயலியை இறக்கிக் கடவுச்சீட்டைப் படமெடுத்து ஏற்றியது எளிது. அட்டையைச் சேர்த்தபோது மறுத்துவிட்டது. ஏனென்று பார்த்தால், 2020 முதல் நம் வங்கிகள் தரும் அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். திறந்தோம். அடுத்து, ஒருமுறைக் கடவுச்சொல் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அங்கே போய் அந்த சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டால் கதை முடிந்தது. எனவே அதில் ரோமிங்கைப் போட்டு, இரண்டாவது அட்டை ஒன்றையும் சேர்த்து வைத்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தைக் குவாங்சௌ பழக்கடையின் முன் செலவிட முடியாது என்பதே இதிலுள்ள சூட்சுமம். பயணப்பெட்டி கட்டும்போதே இதையும் கட்டிக்கொள்ள வேண்டும்.

மாமா ஆரஞ்சு வாங்கிய படத்தை அனுப்பினார். பழத்தை அல்ல, அலைபேசித் திரையைப் படமெடுத்து!

எனவே நான் சொல்ல வருவது இதுதான். வெளிநாட்டாரை வேலைக்கு அழைக்கும் நம் வட்டார ஆலைகள், விசாவுக்காக அழைப்புக் கடிதம் அனுப்பும்போதே இன்னொரு தாளையும் சேர்த்து அனுப்பட்டும். விமான நிலையத்தில் என்ன கேட்க வேண்டும், எங்கே பணப்பை அமைக்கலாம் என்று அதில் எழுதட்டும். வந்து இறங்கிய முதல் நாளே இருநூறு, முந்நூறு ரூபாய்க்குப் பத்தும் இருபதுமாகச் சில்லறை கொடுத்து வைக்கட்டும். கடைக்காரர்கள் தங்கள் அட்டை வணிகருக்கானதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளட்டும். இதற்கு எங்கள் வணிகவியல் மன்றமே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாம் என்று மன்றச் செயலரிடம் சொல்லியிருக்கிறேன். முருங்கைக்காய்ச் சந்தையில் தொடங்கலாம்.

“ஆண்டுக்கு நாலு வெள்ளைக்காரனுக்காக இவ்வளவா?” என்று விடுதி நண்பன் ஒருவன் நகைத்தான். நாலு பேருக்காக மட்டுமா? என் பாட்டியிடம் இருப்பது பொத்தான் அலைபேசி. அவளும் அதே பேக்கரியில் நூறு ரூபாய்த் தாளுடன் நிற்கிறாள். அவளிடமும் “நாளைக்குக் குடுங்காத்தா” என்கிறார்கள். ரிசர்வ் வங்கி அச்சடித்த தாள் நாடெங்கும் செல்லும் என்று 1934-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. சட்டப்படி செல்லும், கல்லாப்படி செல்வதில்லை. கல்லாவில் சில்லறை வைக்கும் பழக்கத்தை நாம் ஏழெட்டு ஆண்டுகளில் விட்டுவிட்டோம்.

சில்லறை என்றதும் பத்து ரூபாய் நாணயம் நினைவுக்கு வருகின்றது. நம் தமிழ்நாட்டின் விந்தைகளில் அதுவும் ஒன்று. பதினான்கு வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் யாவும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்தும், நம் ஊர்களில் அதை நீட்டினால் கள்ள நாணயத்தைக் கண்டது போல முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த இத்தாலியர் ஊருக்குப் புறப்படும் நாள் மாலை பேக்கரிக்கு வந்தார். தறிகள் நன்றாக ஓடுகின்றன என்று கை அசைவிலேயே காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, என் முன்னே மேசைமேல் பத்து ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். பதினான்கு. ஆலை அலுவலகத்தில் யாரும் வாங்காமல் கிடந்தவற்றைக் கேட்டு மாற்றிக்கொண்டாராம். இம்முறை நான் மறுக்கவில்லை. எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் குறிப்பேட்டை எடுத்து அந்த வரிகளை அடித்தார்.

பின்னர் ஒரு தேநீர் கேட்டு, கடைக்கார அண்ணனிடம் இன்னும் இரண்டு நாணயங்களை நீட்டினார். அண்ணன் நாணயங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, தேடி எடுத்து, ஐந்து ரூபாய் மீதி கொடுத்தார்.