சுவரைத் தாண்டிய ஒளி



"ரேடாரா? அது இ.சி.இ. பசங்க சமாச்சாரம்டா, நமக்கெதுக்கு?" மெக்கானிக்கல் மாணவனான நானே பலமுறை பேசிய வசனம் இது. இன்று வாபஸ் வாங்குகிறேன்!

காரணம், லேசர். ஒரு செகண்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு 'பிக்கோ செகண்ட்'. அவ்வளவு குறுகிய லேசர் துடிப்பை அப்படியே பெருக்கினால், ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடியே சேதமாகிவிடும். என்ன வழி?

1985-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில், மாணவி டோனா ஸ்ட்ரிக்லாண்டும் அவரது பேராசிரியர் ஜெரார் மூருவும் வழி கண்டார்கள். 1.4 கிலோமீட்டர் கண்ணாடி இழைக்குள் துடிப்பை அனுப்பினார்கள். நீள அலைகள் முந்த, குறு அலைகள் பிந்த, துடிப்பு நீண்டது, உச்சம் தணிந்தது. பிறகு பெருக்கினார்கள். கடைசியில் இரண்டு கிரேட்டிங்குகளால் முந்தியதைச் சுற்றுவழியில் விட்டு, பிந்தியதை வந்து சேரவிட்டார்கள். துடிப்பு மறுபடி சுருங்கியது. சக்தியின் உச்சமோ பன்மடங்கு ஏறியது!

2018-ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு. இன்று கண் அறுவை சிகிச்சைக்கும், சுற்றிலும் அதிகம் சூடேறாமல் உலோகத்தில் நுண்துளை போடவும் இந்த முறை உதவுகிறது. துளை போடுவது நம்ம வேலைதானே?

ஆனால் நீட்டிச் சுருக்கும் அந்த உத்தி? ரேடார்காரர்கள் முன்பே கையாண்டது! பக்கத்து வீட்டுப் பாடத்தை லேசருக்குப் பொருத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நாமோ பக்கத்து டிபார்ட்மென்ட் லேபைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. மாதம் ஒரு மாலை, ஒரு துறை மாணவர்கள் மற்ற துறையினருக்குப் பாடம் எடுக்கப் பேரவை ஏற்பாடு செய்யட்டும்.

முதல் வகுப்பு ரேடார். முதல் பெஞ்சில் நான். வாங்கப்பா!