விசாவும் விவாகமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் சங்க இலக்கியத்தைப் பற்றியோ சமய குரவரைப் பற்றியோ எழுதுவேனென்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எழுதப் புகுந்ததோ விசா விண்ணப்பத்தைப் பற்றியாகும். அன்பர்கள் முகஞ் சுளியாதிருப்பாராக. மாலை வேளைகளில் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வரும் பழைய மாணாக்கருட் பலர் இக்காலத்தில் இலக்கண ஐயந் தீர்க்க வருகின்றாரல்லர். கடல் கடந்த நாட்டிலிருக்கும் மனைவியிடம் போய்ச் சேர்வதற்கோ, மனைவியைத் தம்மிடம் அழைப்பதற்கோ வேண்டிய பத்திரக் கட்டுடனேயே வருகின்றனர்.

நம் பாட்டனார் காலத்திலே மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் லீவில் ஊருக்கு வந்து, மணம் முடித்து, மனைவியைக் கப்பலேற்றிச் சென்றனர். அவள் மனைவிதானா என்று அவர்களைத் துருவித் துருவிக் கேட்டவர் எவருமிலர். இன்று நிலை வேறு. பிரித்தானியா 2012 யூலையில், கணவனையோ மனைவியையோ அழைப்பவருக்கு ஆண்டொன்றுக்கு 18,600 பவுண் வருமானம் வேண்டுமென விதித்தது. 2024 ஏப்பிரல் 11 முதல், புதிதாக விண்ணப்பிப்போர்க்கு அத்தொகை 29,000 ஆக உயர்ந்தது. கனடாவிற் பெரும்பாலும் அத்தகைய வருமான வரம்பில்லை. எனினும் அழைப்பவர் தம் துணையை மூன்றாண்டு தாபரிக்கும் பொறுப்பை ஏற்றுக் கையொப்பமிடல் வேண்டும். அவுஸ்திரேலியாவில் விண்ணப்பக் கட்டணமே 2024 யூலை முதல் 9,000 டொலருக்கு மேற்பட்டுவிட்டது. கூலிவேலை செய்து வாழும் ஒருவனை அவன் மனைவியிடமிருந்து பணத்தைக் காட்டிப் பிரித்து வைத்தல் நீதியன்று என்பதே என் கருத்து. ஆயினும் அதனை மாற்றும் வல்லமை நமக்கில்லை. நம் கையிலுள்ள வேறொன்றைப் பற்றியே ஈண்டுப் பேச விரும்புகின்றேன்.

என்னிடம் தமிழ் கற்ற மாணாக்கன் ஒருவன் மெல்பேணில் வளர்ந்த பெண்ணொருத்தியை மணந்தான். மாமியார் ஒருவர் சாதகங் கொண்டு வந்தார், பொருத்தம் பார்த்தனர், இருவரும் சில வாரம் தொலைபேசியிற் பேசினர். பெண் வீட்டார் ஒரு மாத லீவில் வந்தனர். பொன்னுருக்கித் தாலி செய்து, கூறை கொடுத்து, கோயில் மண்டபத்திலே கலியாணம் நடந்தது; எழுத்தும் முடிந்தது. பெண் தன் வேலைக்குத் திரும்பினாள். இதில் மறைப்பதற்கு என்ன இருக்கின்றது? ஆனால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஏஜென்சிக்காரர், “பேசிச் செய்த கலியாணம் என்றால் வெள்ளைக்காரன் நம்பமாட்டான்” என்று சொல்லி, மூன்றாண்டுக்கு முன் நல்லூர்த் திருவிழாவில் இருவரும் கண்டு காதலித்ததாக ஒரு கதை புனைந்தார். மெல்பேணிலிருந்த பெண்ணோ தன் கூற்றில் உள்ளதை உள்ளவாறே எழுதினாள். அதிகாரி இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தார். விளக்கங் கேட்டுக் கடிதம் வந்த அன்றுதான் அவன் என்னிடம் வந்தான்.

“சேர், ஏஜென்சிக்காரர்தான் அப்படி எழுதச் சொன்னவர்” என்றான். எழுதியவர் எவராயினும் கீழே கிடந்த கையொப்பம் அவனுடையதன்றோ! உண்மையை ஒப்புக்கொண்டு மறுமொழி எழுதினோம்; எனினும் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அந்நாட்டு விதிப்படி, பொய்ச் செய்தியோ பொய்ப் பத்திரமோ கொடுத்ததற்காக மறுக்கப்பட்டவருக்கு அடுத்த மூன்றாண்டுக்குள் வேறு விசாவும் மறுக்கப்படலாம். இப்போது அவன் மனைவி அங்குள்ள மீளாய்வு மன்றத்திலே முறையிட்டிருக்கின்றாள். அவர்களுடைய மணவாழ்விற் சேர்ந்திருந்த நாள்கள் இன்றுவரை நாற்பதுக்கு மேலில்லை.

தொல்காப்பியர் களவென்றும் கற்பென்றும் வகுத்தார். கற்பிலே தொடங்கிய ஒரு மணத்தைக் களவாக மாற்றி எழுதிய புலமை இந்த ஏஜென்சிக்காரருக்கே உரியது. அப்பெரும் புலவரே, உலகிற் பொய்யும் வழுவும் புகுந்த பின்னர்தான் மணச் சடங்கு வகுக்கப்பட்டதென்கின்றார். பொய்ம்மணங்கள் பெருகிய பின்னர்தான் இப்படிவங்களும் பெருகின. ஆதலின் முழுப் பழியையும் அதிகாரிமேற் சுமத்தல் தகாது.

அவுஸ்திரேலியாவின் 1994ஆம் ஆண்டு விதிகளைப் பார்ப்போம். மணம் உண்மையானதா, தொடர்வதா என்று தீர்மானிக்க நான்கு கூறுகளை நோக்க வேண்டுமென அவை கூறுகின்றன: பொருளாதாரம், இல்லம், சமூகம், ஒருவர்க்கொருவர் கொண்ட பற்றுறுதி. மணத்துக்கு முன் காதல் இருந்ததா என்பது அங்கே வினாவன்று. கடமை காரணமாகச் சிறிது காலம் பிரிந்திருத்தலும் குற்றமன்று. நிரந்தரமாகப் பிரிந்து வாழ்தலே குற்றம். நம் பேச்சுக் கலியாணத்துக்கு இந்நான்கிலும் சொல்வதற்கு நிறைய உண்டு. இரு வீட்டுப் பெற்றோர் பெயரும் பொறித்த அழைப்பிதழ், பொன்னுருக்கிய நாளில் வந்திருந்த இனசனம், கால்மாறச் சென்ற வீடு, மருமகளை ஆசுபத்திரிக்குக் கூட்டிச் சென்ற மாமியாரின் கூற்று ஆகியவை எந்தக் காதற் கதைக்குக் குறைந்தன? ஆனால் நம்மவர் கொண்டுசெல்வதோ படப்பிடிப்பாளர் சொற்படி கடற்கரையிலே தோளோடு தோள் சாய்ந்து எடுத்த நூறு படங்கள். மாமனாரும் பேரப்பிள்ளைகளும் சாப்பாட்டுப் பந்தியில் இருக்கும் மங்கலான ஒரு படம் அந்நூற்றிலும் மேலானதென்பது என் துணிபு.

வெளிநாட்டிலிருந்து இம்மலரை வாசிக்கும் பழைய மாணவ அன்பர்கட்கு ஒரு வார்த்தை. ஊரிலுள்ள மனைவிக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகின்றீர்கள், நன்று. அதனை உண்டியல் வழியே அனுப்புகின்றீர்கள். உண்டியற்காரர் வீடு தேடி வந்து எண்ணிக் கொடுத்த பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுங் கிடையாது. ஈராண்டு தவறாது குடும்பத்தைத் தாங்கிய கணவனும் பத்திரத்திலே ஒரு சதம் அனுப்பாதவனாகவே தோன்றுவான். வங்கியில் நூறு ரூபா குறைந்தாலும் குறையட்டும். பழைய தொலைபேசியை மாற்றும்போது அதிலுள்ள உரையாடல்களும் மறைந்துபோகின்றன; நம் தாய்மார் தகரப் பெட்டியிற் கட்டி வைத்த கடிதங்களுக்கு அந்த ஆபத்து இருக்கவில்லை.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். இது என் தொழிலோடு பட்டது. தந்தை பெயரை முதலெழுத்தாக்கி வாழும் நம்மிடம் குடும்பப் பெயர் யாதெனப் படிவம் கேட்கின்றது. ஒருவன் தந்தை பெயரையும் மற்றொருவன் தன் பெயரையும் எழுதுகின்றான். ழகரம் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் ஆங்கில எழுத்தாகவும் கடவுச்சீட்டில் ஈரெழுத்தாகவும் நிற்கும். ஒருவனே இருவனாகிவிடுகின்றான்! மாணாக்கர் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வயதிலேயே பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் ஒப்புநோக்கித் திருத்துவித்தல் வகுப்பாசிரியர் கடமையாக வேண்டும்.

எல்லாவற்றினும் என் மனத்தை வருத்துவது காத்திருப்போரின் நிலை. “நாளைக்கு விசா வந்துவிடும்” என்று ஆசிரிய நியமனத்தை ஏற்காது விட்ட பெண்ணை அறிவேன். அந்த நாளை இரண்டு ஆண்டாயிற்று. மேலே சொன்ன மாணாக்கனும் முதலாண்டில் இருந்த வேலையை விட்டு, சந்தியில் நின்று நாட்கழித்தான். வயது வந்த ஆணைப் பார்த்து, “எப்ப தம்பி பயணம்?” என்று வழியிற் காண்போரெல்லாம் கேட்டால் அவன் வீட்டுக்குள் ஒளியாது என் செய்வான்? சில மாதம் அவன் கோயிலுக்குக்கூட இருட்டிய பின்னரே சென்றான். இப்போது ஒரு கடையிற் கணக்கெழுதுகின்றான். சம்பளத்திற் சிறிது மனைவிக்கு வங்கி வழியே அனுப்புகின்றான். அங்குள்ளவளுக்கு இங்கிருந்து பணம் அனுப்புவதாவதென்று ஊரார் நகைத்தனர். மீளாய்வுக்குரிய சட்டத்தரணிக் கூலியில் அது தன் பங்கு என்கின்றான் அவன்.

யான் சட்டம் அறிந்தவனல்லேன், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனுமல்லேன். எனினும் பழைய மாணாக்கர் எவரேனும் தம் கூற்றைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்தால் உடனிருந்து வாசித்துத் திருத்திக் கொடுப்பேன். ஏஜென்சிக்குப் போகுமுன் வருக. வருங்கால் கலியாண அழைப்பிதழையும் மறவாது கொண்டு வருக.