வெளிச்சத்தை மட்டுமல்ல, நீல ஒளியையும் அளந்து காட்டுங்கள்

டிரையரின் தகட்டில் ஓட்டை விழுந்தாலும், ரோலரின் இரும்பு விரிந்தாலும், பெக்டரியில் உடனே வெல்டிங் வேலை தொடங்கிவிடுகிறது. வெல்டிங் செய்பவருக்கு முகமூடி இருக்கிறது. பக்கத்தில் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளருக்கு என்ன இருக்கிறது? முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் அவருக்குள்ள பாதுகாப்பு.

அன்றிரவு லயத்தில் அவருடைய கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தி நீர் வடிகிறது. இது புறஊதாக் கதிரால் வருவது. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் வெல்டிங் சுடரில் நீல ஒளியும் உண்டு. ஏறத்தாழ 400 முதல் 500 நானோமீற்றர் வரையான அந்த ஒளி, கண்ணுக்குள் சென்று விழித்திரையைத் தாக்கும். அப்போது வலி தெரியாது. பார்வையின் நடுவே விழும் கறை சிலருக்கு மாறாமலே நின்றுவிடும்.

"வெளிச்சத்தை அளந்தாயிற்று, எல்லாம் சரி" என்ற பதிலை நாம் ஏற்க முடியாது. லக்ஸ் மீற்றர், வேலை செய்ய வெளிச்சம் போதுமா என்று பார்க்கும் கருவி. நீல ஒளியை அது மிகக் குறைவாகவே கணக்கில் எடுக்கும். நீல ஒளியின் ஆபத்தை அறிய, அலைநீளம் வாரியாக ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி வேண்டும். அதுவும் தொழிலாளியின் கண் இருக்கும் இடத்தில், வெல்டிங் நடக்கும்போதே அளக்க வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை செக்கன் அந்த ஒளி கண்ணில் படுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சுடரை நேரே பார்த்தால், சர்வதேச நிபுணர்கள் வகுத்த ஒருநாள் வரம்பு சில செக்கன்களிலேயே முடிந்துவிடக்கூடும்.

கைத்தொலைபேசிக்கும் வீட்டு எல்.ஈ.டி. பல்புக்கும் இதே பயம் வேண்டாம். சாதாரணப் பாவனையில் அவை இந்த வரம்புக்கு மிகக் கீழேதான் இருக்கின்றன.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நம் பெக்டரிகளுக்கும் உரியது. ஆகவே நாம் கேட்பது இவைதான்: வெல்டிங் நடக்கும் இடத்தில் நீல ஒளியை அளக்க வேண்டும். அளவை எழுத்தில் தோட்டக் கமிட்டிக்குத் தர வேண்டும். அளக்கும்வரை காத்திராமல், உதவியாளருக்கும் தகுந்த முகமூடி இன்றே தர வேண்டும். சுற்றிலும் மறைப்புத் திரை கட்ட வேண்டும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி இதற்குப் போதாது.

தோழர்களே, முகமூடி இல்லாமல் இரும்பைப் பிடிக்கச் சொன்னால் அன்றே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். கொழுந்துத் தராசில் ஒரு கிலோ குறைந்தாலும் கேட்கிறவர்கள் நாம். கண் விடயத்தில் மட்டும் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்?