ஏற்றமும் இறக்கமும்

வந்தவாசியை அடுத்த வெண்குன்றத்தில் தவளகிரீஸ்வரரைத் தரிசிக்க மலையேறியபோது வலிக்காத என் முழங்கால், இறங்கும்போது வலித்தது. காரணத்தை மருத்துவர் தொடையில் காட்டினார்.

முன்தொடையின் நாற்றலைத் தசை காலை நீட்டுகிறது. பின்தொடையின் மூன்று தசைகள் மடக்குகின்றன. ஒன்று இழுக்கையில் மற்றது விட்டுக்கொடுக்குமாறு நரம்புகள் பணிக்கின்றன. இதனை விளக்கிய ஷெரிங்டன், நரம்பணு ஆய்வுகளுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றார்.

இறங்குகையில், மடங்கும் முழங்காலை முன்தொடைத் தசையே நீண்டுகொண்டு தாங்குகிறது. கிணற்றுக் கயிற்றை மெல்ல மெல்ல விடுவது போல. தோப்புக்கரணத்தில் அமரும்போதும் இதுவே நிகழ்கிறது. என் தசை தளர்ந்திருந்தது.

இப்போது நாள்தோறும் பிள்ளையார் முன், நாற்காலியைப் பற்றிக்கொண்டு, வலிக்காத அளவுக்கு நிதானமாக அமர்ந்து எழுகிறேன். வங்கிக் கணக்கில் வரவும் பற்றும் போலத்தான் இதுவும். இழுப்பதற்கு மட்டுமன்று, தாங்கி விடுவதற்கும் வலிமை வேண்டும்.