பணம் கேட்போம், பிள்ளைகளின் கண்ணீரைக் காட்டிக் கேட்கமாட்டோம்

சிறுவர், இளைஞர் துஷ்பிரயோகத்தைத் தடுக்கும் வேலைக்காக நிதியுதவி கேட்டு நமது சங்கம் விண்ணப்பிக்கவுள்ளது.

டயகம தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி, 2021 ஜூலையில் தீக்காயங்களுடன் ஆஸ்பத்திரியில் இறந்தாள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. முறைப்பாட்டுக்கு 1929 என்ற இலக்கமும் உண்டு. ஆனால் சட்டமும் இலக்கமும் தாமாக வந்து கதவைத் தட்டுவதில்லை.

பாலாவியில் தென்னந்தோட்டத்துக்கும் உப்பளத்துக்கும் தாய் தகப்பன் விடியுமுன் போகிறார்கள். தாய் வெளிநாடு போன வீடுகளும் உண்டு. ஆகவே மூன்றுக்குப் பணம் கேட்கிறோம்: பாடசாலை விட்டபின் பிள்ளைகள் இருக்க ஓர் இடமும் அவர்களைப் பார்க்கப் பொறுப்பான ஒருவரும், பாடசாலைக்கு வராத பிள்ளையை அன்றே வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு, முறைப்பாடு செய்யும் விதம்பற்றிப் பெற்றோருக்கும் இளைஞருக்கும் வகுப்பு.

விண்ணப்பத்தில் எந்தப் பிள்ளையின் பெயரும் படமும் இராது. கொடுப்பவரின் மனம் இளக வேண்டுமென்று பிள்ளையின் துன்பத்தைக் கடை விரிப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயின் கணக்கும் மாதக் கூட்டத்தில் வாசிக்கப்படும். கேள்வி கேட்பது அங்கத்தவரின் உரிமை.

பணம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பயந்து ஒடுங்கினால், படிப்பை விட்டு வேலைக்கு அனுப்பப்பட்டால், "அது அவங்க வீட்டு விஷயம்" என்று ஒதுங்காதீர்கள். 1929க்குச் சொல்லுங்கள், சங்கத்துக்கும் சொல்லுங்கள். கூலிக்காக ஒன்றுசேர்ந்த நாம் பிள்ளைகளுக்காகவும் ஒன்றுசேர்வோம்.